ஜேம்ஸ் ஹாங்குக்கு இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பீர்கள்? ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

2025 டிசம்பர்

அகாடமியின் ஆளுநர் குழுவினருக்கும், தலைவர் லினெட் ஹவல் டெய்லர் அவர்களுக்கும்,

போன மாதம் 16-ஆம் தேதி நான்கு பேருக்குக் கௌரவமாக ஆஸ்கர் சிலை கொடுத்தீர்கள். டாம் குரூஸ், டெபி ஆலன், வின் தாமஸ், டாலி பார்ட்டன். நால்வரும் தகுதியானவர்கள். அவர்களில் யாருக்கும் கொடுத்திருக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இந்த வருடமும் சீன அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஹாங் இல்லை. அவருக்கு இப்போது 96 வயது, வரும் பிப்ரவரி 22 வந்தால் 97. எழுபது வருடத்துக்கு மேலாக நடித்துக்கொண்டிருக்கிறார். படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், குரல் கொடுத்தவை எல்லாம் சேர்த்தால் 450-க்கும் மேல் போகிறது. இத்தனைக்கும் உங்களிடமிருந்து அவருக்கு ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை. இதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வருடம் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

இதே மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மானில் தொடங்கி சூர்யா, மணி ரத்னம், இந்த 2025-ல் கமல் ஹாசன் என்று தமிழ்ப் படவுலகத்தினரை நீங்கள் உறுப்பினராக அழைத்திருக்கிறீர்கள். அவர்களும் அவர்களுடைய ரசிகர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறேன். பகலில் ஒரு அலுவலக வேலை, அப்புறம் கிடைக்கிற நேரத்தில் சின்னச் சின்ன வேடங்கள். மோட்டல் வரவேற்பறையில் சாவி கொடுப்பவர், டாக்சி ஓட்டுபவர், இரண்டு வரி பேசிவிட்டுப் போகும் டாக்டர். பெரும்பாலும் பெயரில்லாத பாத்திரங்கள், பட்டியலில் 'கடைக்காரர்' என்று மட்டும் வரும். ஒரு விளம்பரத் தேர்வில், என் வழக்கமான உச்சரிப்பில் பேசி முடித்ததும், இன்னும் கொஞ்சம் இந்தியராகப் பேசுங்களேன் என்று கேட்டார்கள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் திருச்சியில். அதற்கு மேல் எப்படி இந்தியராவது? அவர்கள் கேட்டது என் ஊர்ப் பேச்சை அல்ல, அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்த ஒரு குரலை. இந்த வேலையில் இருக்கும் ஆசியர்கள் யாரிடம் கேட்டாலும் இதுபோல ஒன்று சொல்வார்கள். ஹாங் இதே கோரிக்கையை நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்பிருந்தே காதில் வாங்கிக்கொண்டு, அதற்கு உள்ளேயே நின்று, அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்றைச் செய்துகாட்டிய மனிதர். அதனால்தான் அவருக்காக எழுதுகிறேன்.

அவர் 1929-ல் மினியாபொலிஸில் பிறந்தவர். அப்பா அங்கே மூலிகைக் கடை வைத்திருந்தார். சிறுவயதில் சில ஆண்டுகள் ஹாங்காங், பிறகு மறுபடி மினியாபொலிஸ். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்தார், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1953-ல் பட்டம் வாங்கினார், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் சாலை வடிவமைக்கும் வேலை. 1954-ல் நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய், குரூச்சோவைப் போலவே அவர் முன்னாலேயே பேசிக்காட்டினார். ரசிகர் கடிதங்கள் குவிந்தன, படவாய்ப்புகள் வந்தன. விடுமுறையையும் உடல்நல விடுப்பையும் எடுத்துப் படப்பிடிப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் வேலையையே விட்டுவிட்டார். அலுவலக விடுப்பை எண்ணி எண்ணி நடிக்கப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த முடிவின் எடை தெரியும். நிரந்தர அரசு வேலை அது. எதிர்ப்பக்கம் இருந்ததோ, சீன முகத்துக்கு வேலைக்காரன், சலவைக்காரன், எதிரிச் சிப்பாய் என்பதைத் தாண்டி வேடமே எழுதாத ஒரு தொழில்.

1955-ல் ஹாலிவுட் நட்சத்திரம் கிளார்க் கேபிளுடன் 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' படம். 1956-ல் ஜப்பானின் 'காட்ஸில்லா'வை அமெரிக்காவுக்கு வெட்டி ஒட்டி வெளியிட்டபோது, அதில் வந்த ஜப்பானியர்கள் பலருக்கும் ஆங்கிலக் குரல் கொடுத்தது இவரும் இன்னும் ஓரிருவரும்தான். ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, படம் கண்ணில் படாமலேயே, ஒரே வரியை வேகமாக, மெதுவாக, நடுவாந்தரமாக என்று மாற்றி மாற்றிப் பேசியதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் அந்தப் படத்தை அவர் குரலில் கேட்டார்கள். படத்தின் நடிகர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அப்புறம் சார்லி சான் தொடர். 1957-58-ல் வந்தது. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளராக நடித்தவர் ஜே. கேரல் நெய்ஷ், ஐரிஷ் வம்சாவளி. மூத்த மகனாக ஹாங். படப்பிடிப்பில் ஒருமுறை ஹாங் தன் வரியை எடுக்கத் தவறிவிட, இது என்ன சீன நடிகர்களுக்கான பள்ளிக்கூடமா என்று நெய்ஷ் சத்தம் போட்டதாகவும், அதோடு தன்னை வேலையிலிருந்து தூக்கிவிட்டதாகவும் ஹாங் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். சீனரின் வேடத்தைப் போட்டிருந்தவர், தன் மகனாக நடித்த உண்மையான சீனரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. இந்த இடத்தில் உங்கள் பதிவேட்டையும் கொஞ்சம் திறந்து பார்க்கச் சொல்கிறேன். நெய்ஷ் உங்களால் இருமுறை துணை நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஒன்று 'சஹாரா'வில் இத்தாலியக் கைதியாக நடித்ததற்கு, இன்னொன்று 'எ மெடல் ஃபார் பென்னி'யில் மெக்சிகோ வம்சாவளித் தகப்பனாக நடித்ததற்கு. வேறு இனத்தாராக நடிப்பதே அவருடைய பிழைப்பு, அதை நீங்கள் திறமை என்று குறித்துவைத்தீர்கள். அதே திறமையை ஹாங் காட்ட ஒரு வாய்ப்பும் கிடையாது, ஏனென்றால் யாரும் அவரை இத்தாலியராகவோ ஐரிஷ்காரராகவோ நடிக்கக் கூப்பிடப்போவதில்லை, சீனராக நடிக்கவும் பெரிய வேடம் என்றால் கூப்பிடுவதில்லை.

இது ஒரு நடிகரோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். 'தி குட் எர்த்' படத்தில் ஓலான் என்ற சீன விவசாயியின் மனைவியாக நடித்ததற்கு லூயிஸ் ரைனருக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தீர்கள், 1938-ல். அந்த வேடத்தை ஆசைப்பட்டுக் கேட்டவர் அன்னா மே வாங், அன்றைக்கு ஹாலிவுட்டின் மிகப் பிரபலமான சீன அமெரிக்க நடிகை. 'டிராகன் சீட்' படத்தில் சீனத் தாயாக வந்த அலின் மக்மேகனுக்குப் பரிந்துரை. சயாம் அரண்மனைப் பெண்ணாக வந்த கேல் சொண்டர்கார்டுக்குப் பரிந்துரை. 1955-ல் பாதிச் சீனப் பெண் மருத்துவராக நடித்த ஜெனிஃபர் ஜோன்ஸுக்குச் சிறந்த நடிகைக்கான பரிந்துரை, அந்த வருடம்தான் ஹாங் திரைக்கு வருகிறார். இதெல்லாம் பழைய காலம் என்று தள்ளவும் முடியாது. 1984 விழாவில் லிண்டா ஹன்ட் துணை நடிகை விருது வாங்கியது பில்லி க்வான் என்ற சீன வம்சாவளி ஆண் பாத்திரத்துக்கு. லிண்டா ஹன்ட் அபாரமான நடிகை, அந்த நடிப்பு என்னையும் உலுக்கியதுதான், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை உங்கள்மேல். சீனராக நடிப்பதற்கு விருது உண்டு என்று நீங்கள் அரை நூற்றாண்டு காட்டிவந்தீர்கள், அந்த அரை நூற்றாண்டில் சீனராகவே இருந்து நடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டுகொள்ளவில்லை.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், 1965-ல் மாக்கோ, பியூலா குவோ, சூன்-டெக் ஓ ஆகியோருடன் சேர்ந்து ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். ஆசிய நடிகர்களுக்கு நல்ல வேடம் யாரும் தரமாட்டார்கள் என்றால் நாமே மேடை போட்டுக்கொள்வோம் என்று ஆரம்பித்த குழு. சில்வர் லேக் பகுதியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நாடகம் போட்டு வளர்ந்தது. இப்போது லிட்டில் டோக்கியோவில் தனக்கென ஒரு அரங்கத்தோடு நிற்கிறது, இந்த வருடம் அதற்கு அறுபது வயது. நான் அங்கே அடிக்கடி நாடகம் பார்க்கப் போகிறேன். மேடையில் ஆசிய முகங்கள் காதலிக்கின்றன, சண்டை போடுகின்றன, கணவன் மனைவியை ஏமாற்றுகிறான், அம்மா மகளிடம் பொய் சொல்கிறாள், யாரும் யாருக்கும் தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு மறைந்துபோவதில்லை. பிலிப்பினோ, கொரிய, வியட்நாமிய, இந்திய நடிகர்கள் எத்தனையோ பேர் அந்த மேடையில் கற்றுக்கொண்டு உங்கள் படங்களுக்கு வந்திருக்கிறார்கள். கௌரவ ஆஸ்கர் கொடுக்க நடிப்பைத் தாண்டி ஒரு சேவை வேண்டும் என்றால், இந்த ஒன்றே போதுமே.

ஆனால் நான் நடிப்பைப் பற்றியே பேச விரும்புகிறேன். அவருடைய வயதையும் பொறுமையையும் பாராட்டி ஒரு சிலை கொடுத்தால் அது தப்பு. வேலையைப் பாருங்கள்.

'பிளேட் ரன்னர்' (1982). அதில் அவருக்கு இருப்பது ஒரே காட்சி. செயற்கை மனிதர்களுக்குக் கண் செய்கிற ஹானிபல் சூ. உறைகுளிரான கூடத்தில், உரோமக் கோட்டுக்குள், உடம்பெல்லாம் குழாய்களை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார். படப்பிடிப்பே நிஜமான குளிர்பதன அறையில் நடந்தது, வாயிலிருந்து வரும் ஆவி நிஜம். செயற்கை மனிதர்களாக நடிக்கும் ரட்கர் ஹவரும் இன்னொருவரும் உள்ளே வருகிறார்கள், அவர் கோட்டைப் பிய்க்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் ஹாங் முகத்தில் வருபவற்றை வரிசையாகக் கவனியுங்கள்: முதலில் வேலையைக் கெடுக்கிறார்களே என்ற எரிச்சல், அப்புறம் தான் செய்த கண்களை அடையாளம் தெரிந்துகொண்ட ஒரு தொழிலாளியின் பெருமிதம், அதன் மேலேயே பயம், பயத்துக்குள் குளிர். இத்தனையும் ஒரு கைவினைஞனுக்குப் பெயரும் தொழிலும் மரணபயமும் இருப்பதாக நம்பவைக்கின்றன. எழுதியவர்கள் கொடுத்தது ஒரு தகவல் சொல்லும் பாத்திரம், அவ்வளவுதான். என் போன்ற வேடங்களுக்குப் போகும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் காட்சியைத்தான்.

'சைனாடவுன்' (1974) படத்தில் அவர் ஃபே டனவேயின் வீட்டுப் பணியாளர். வசனம் மிகக் கொஞ்சம். கதவைத் திறக்கிறார், மூடுகிறார், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ரகசியம் முழுக்க அவருக்குத் தெரியும் என்பது அவர் நிற்கிற விதத்திலேயே தெரிகிறது. பதினாறு வருடம் கழித்து அந்தப் படத்தின் அடுத்த பாகம் வந்தபோது அதே பாத்திரத்துக்கு அவரையே கூப்பிட்டார்கள்.

'பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா' 1986-ல் வந்தபோது தோல்வி. இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறவர்கள் முதலில் சொல்வது ஹாங் நடித்த லோ பான் பெயரைத்தான். ஈராயிரம் வருடம் பழைய மந்திரவாதி, ஒரு காட்சியில் சக்கர நாற்காலியில் சுருங்கிக் கிடக்கும் கிழவன், மறுகாட்சியில் ஆளை விழுங்குகிற உயரத்தில் பட்டுடுத்திய பேய். ஒப்பனைக்கு அடியில் இருந்துகொண்டு இரண்டு உடம்பு, இரண்டு குரல். மிரட்டவும் செய்கிறான், ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள முடியாமல் இத்தனை நூற்றாண்டாகத் தவிக்கிறேனே என்று புலம்பவும் செய்கிறான், பார்க்கிறவருக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமும் வருகிறது. வழக்கமான சீன வில்லன் என்று எழுதப்பட்ட ஒன்றை இப்படி ஆக்க வேறு யாரால் முடிந்திருக்கும்? ஆங்கிலப் படங்களில் வந்த வெள்ளை வில்லன்களுக்கு நீங்கள் கொடுத்த துணை நடிகர் விருதுகளை நினைத்துக்கொண்டு இதை மறுபடி பாருங்கள்.

தொலைக்காட்சியில் 1991-ல் 'சைன்ஃபெல்ட்' தொடரில் ஒரு சீன உணவக மேலாளராக வந்தார். மேசைக்காகக் காத்திருப்பவர்களிடம் ஐந்து, பத்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற அந்த அத்தியாயத்தை அமெரிக்காவில் தெரியாதவர் குறைவு. பிறகு 'குங்ஃபூ பாண்டா', 2008-இலிருந்து. அந்த வாத்து அப்பா, நூடுல்ஸ் கடை மிஸ்டர் பிங். பாண்டாக் குட்டியைத் தத்தெடுத்து வளர்த்தவர். இரண்டாம் படத்தில், முள்ளங்கிப் பெட்டிக்குள் உன்னைக் கண்டெடுத்தேன் என்று மகனிடம் சொல்ல வேண்டிவரும் இடத்தில் அந்தக் குரல் தடுமாறுவதைக் கேளுங்கள். மூன்றாம் படத்தில் பெற்ற அப்பா வந்து நிற்கும்போது அதே குரலில் எட்டிப்பார்க்கும் பொறாமையைக் கேளுங்கள். அவருக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. நான்காம் படம் வந்த 2024-ல் 95, அப்போதும் அவர்தான் பேசினார். இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், முகம் தெரியாமலேயே அவரை நேசிக்கிறார்கள்.

2023 மார்ச் 12 அன்று 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்கு ஏழு ஆஸ்கர் கொடுத்தீர்கள். மிஷெல் இயோ, கீ ஹுய் குவான் இருவரும் மேடையேறியபோது நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் படத்துக்குப் பதினோரு பரிந்துரைகள், நடிப்புக்கு மட்டும் நான்கு. கோங் கோங் என்ற தாத்தாவாக வந்த ஹாங் அந்த நான்கில் இல்லை. கதையை ஒருமுறை நினைத்துப்பாருங்கள். அந்தக் குடும்பத்தில் எல்லாரும் பயப்படுவது அந்தத் தாத்தாவுக்கு. காதலித்தவனோடு போன மகளைக் கைகழுவியவர். வரி அலுவலகத்தில் சக்கர நாற்காலியில் தூங்கிவழிகிற அதே மனிதர் இன்னொரு உலகத்தில் நிமிர்ந்து, கத்தியைக் கையில் கொடுத்து, உன் மகளைக் கொல் என்று தன் மகளுக்கே கட்டளையிடுகிறார். கடைசியில் பேத்தியின் காதலியை மகள் அறிமுகம் செய்யும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் நமக்கு மூச்சு திரும்புகிறது. அவர் அசைந்தால்தான் படம் அசையும்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, நடிகர் சங்க விருது விழாவில் அந்தக் குழு முழுக்க மேடையேறியபோது, 94 வயதில் மைக்கைப் பிடித்தார். கண்ணில் டேப் ஒட்டிக்கொண்டவர்கள் ஆசியர்களாக முதன்மை வேடம் போட்ட காலத்தைச் சொன்னார், ஆசியர்களுக்கு நடிப்பு போதாது, வசூல் வராது என்று தயாரிப்பாளர்கள் சொன்னதைச் சொன்னார், இப்போது எங்களைப் பாருங்கள் என்று முடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. அந்த அரங்கத்தில் உங்கள் உறுப்பினர்களும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தார்களே என்று சிலர் சொல்கிறார்கள். அது உங்கள் வேலை இல்லை, வர்த்தக சபையுடையது, அதற்குக் கட்டணம் உண்டு. பெரிய நடிகர்களுக்குப் பட நிறுவனங்கள் அதைக் கட்டிவிடும். ஹாங்குக்காகக் கட்ட 2020-ல் நடிகர் டேனியல் டே கிம் மக்களிடம் கேட்டார். 55,000 டாலர் சில நாட்களிலேயே சேர்ந்துவிட்டது, சின்னச் சின்னத் தொகையாக. 2022 மே மாதம், 93 வயதில், நட்சத்திரம் கிடைத்தது. இவரை யார் யார் மதிக்கிறார்கள் என்று அதிலேயே தெரிகிறது. பார்வையாளர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.

உங்களுக்கு முன்மாதிரியும் இல்லாமல் இல்லை. ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படாத நடிகர் ஈலை வாலக்குக்கு 2010-ல் 94 வயதில் கொடுத்தீர்கள். டொனால்ட் சதர்லண்டுக்கு 2017-ல். அமெரிக்கப் பழங்குடிகளில் செரோக்கி இனத்தவரான வெஸ் ஸ்டூடிக்கு 2019-ல், அவரும் முதன்மை வேடங்களால் அறியப்பட்டவர் அல்ல, தன் மக்களின் முகத்தைத் திரையில் மரியாதையோடு நிறுத்தியவர். நகைச்சுவைப் பட இயக்குநர் மெல் புரூக்ஸ் 97 வயதில் வந்து வாங்கிக்கொண்டார். ஆசிய அமெரிக்கரான ஜேனட் யாங் உங்கள் தலைவராக இருந்த மூன்று ஆண்டுகளிலாவது இது நடக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அதுவும் போய்விட்டது.

தாமதம் என்ன செய்யும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சன் பரிந்துரையே இல்லாமல் வாழ்ந்து, 1973-ல் கௌரவ விருது கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு இறந்தார், மனைவி வந்து வாங்கினார். சத்யஜித் ராய்க்கு 1992-ல் கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் கொடுத்தீர்கள், ஒரு மாதம்கூட அவர் இருக்கவில்லை. அன்னா மே வாங் 1961-லேயே போய்விட்டார், அமெரிக்க அரசு 2022-ல் கால் டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. மாக்கோ ஒரே ஒரு பரிந்துரையோடு 2006-ல் போனார், ஜப்பானிய அமெரிக்க நடிகர் பேட் மொரீட்டா ஒரே ஒரு பரிந்துரையோடு 2005-ல். அந்தத் தலைமுறையில் இன்னும் நம்மோடு இருந்து, இன்னும் பேசக்கூடியவராக இருப்பவர் ஹாங்.

எனவே நான் கேட்பது இவைதான்.

2026-க்கான கௌரவ விருதுகளைத் தீர்மானிக்க நீங்கள் கூடும்போது ஜேம்ஸ் ஹாங்கின் பெயரை எடுத்து, வாக்கெடுத்து, கொடுங்கள். நவம்பர்வரை காத்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் உங்களைக் கட்டிப்போடவில்லை என்றால் அதற்கு முன்னாலேயே கொடுங்கள். அவரால் அரங்குக்கு வர முடியாத நிலை என்றால் ராய்க்குச் செய்ததுபோல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அவர் இருப்பதும் இதே ஊர்தான். விருதுக் குறிப்பில் வெறுமனே நீண்டகாலச் சேவை என்று எழுதாதீர்கள். சீனராக நடித்த மற்றவர்களை இந்த அகாடமி கௌரவித்துவந்த காலத்தில் இவருக்கு வாசல் மூடியிருந்தது என்பதையும், ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸைப் பற்றியும் அந்தக் குறிப்பில் எழுதுங்கள்.

இன்னொன்று. வரும் மார்ச்சில் முதன்முறையாக நடிகர் தேர்வுக்கு ஒரு ஆஸ்கர் கொடுக்கப்போகிறீர்கள், நல்ல முடிவு. ஒரு படத்தின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் கலை என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அப்படியானால் ஆண்டுதோறும் கொடுக்கும் கௌரவ விருதுகளில் ஒன்றை, வாழ்நாள் முழுக்கச் சின்ன வேடங்களில் நடித்தவர்களை மனதில் வைத்துப் பரிசீலியுங்கள்.

தமிழிலிருந்து அகாடமிக்குப் போன உறுப்பினர்களிடம் என் கோரிக்கை, ஆளுநர் குழுவுக்கு உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். நாகேஷையும் மனோரமாவையும் எஸ்.வி. ரங்காராவையும் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள், குணச்சித்திர நடிகர் இல்லாமல் ஒரு படம் நிற்காது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கடிதத்துக்கு இருக்கும் கனம் என்னுடையதற்கு இல்லை. பிப்ரவரி 22-க்கு முன் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சின்ன வேடங்களில் நடிக்கும் ஒரு தமிழ் நடிகர்